அரியமங்கலத்து நீர்மூழ்கிகள்

பாய் டீக்கடை வாசலில் ஒரு மூடி இருக்கிறது. பாதாளச் சாக்கடை மூடி. அரியமங்கலத்தில் ரோடு போடும் ஒவ்வொரு தடவையும் தார் இரண்டு விரல் ஏறும். மூடி மட்டும் வைத்த இடத்திலேயே தவம் கிடக்கும். இப்போது அது ஒரு சாண் பள்ளத்தில் இருக்கிறது. ஸ்கூட்டர் அதில் விழுந்து எழும்போது கிளம்பும் ‘டங்’ சத்தத்துக்குக் கடையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஒருவர் பார்ப்பார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன். எழுபதைத் தாண்டியவர். மூடிகளைப் பற்றி அவருக்குத் தனி மதமே உண்டு.

“ரயிலோ, கப்பலோ, கக்கூசோ, மூடிதான் தம்பி சமாச்சாரம். எதை எப்ப மூடணும், எதை எப்ப தொறக்கணும்னு தெரியாதவன் மேல உக்காந்துட்டா, கீழ இருக்கவன் செத்தான்.”

போன மாதம் அவருடைய பேரன் கைபேசியில் ஒரு பழைய படத்தைக் காட்டிவிட்டான். நூறு வருஷத்துக்கு முந்திய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல். அதன் முதுகில் இரண்டு புகைபோக்கிகள். அண்ணன் இரண்டு நாள் சிரித்தார். டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். “தண்ணிக்குள்ள முங்குற வண்டிக்குப் புகைபோக்கியாடா!”

அவர் சிரிப்பதற்கு அருகதை உள்ளவர். 1928-லிருந்து நீராவி எஞ்சினைப் பிரித்து மேய்ந்த பட்டறை பொன்மலை. நாடு முழுக்க நீராவி எஞ்சின் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும், ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில் எரியும் நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்த ஊர். கொதிகலனுக்குக் காற்று வேண்டும், நெருப்பு வேண்டும், புகை போக வழி வேண்டும் என்பது பொன்மலையில் அப்ரெண்டிஸ் பையனுக்குக்கூடத் தெரியும். லண்டனில் தங்கப்பட்டை குத்திய அட்மிரல்களுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஓர் ஆசை பிறந்தது. போர்க்கப்பல் படை 21 நாட் வேகத்தில் ஓடும். நீர்மூழ்கியும் கூடவே ஓட வேண்டும். அன்றைய டீசல் எஞ்சினுக்கு அந்த மூச்சு இல்லை. அப்படியானால் நீர்மூழ்கியை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று நீங்களும் நானும் சொல்வோம். அதனால்தான் நாம் டீக்கடையில் இருக்கிறோம். அவர்கள் கொதிகலனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நீர்மூழ்கிக்குள் நீராவி எஞ்சின் வைப்பதைப் போல் விபரீதம் வேறில்லை என்று 1913-ல் சொன்னவர் அட்மிரல் ஃபிஷர். இரண்டே வருஷத்தில், பதவியில் உட்கார்ந்ததும், அவரே தலையாட்டினார். நாற்காலி மாறினால் நீராவியின் குணமும் மாறிவிடும் போலிருக்கிறது.

பிறந்தது ‘கே’ வகை நீர்மூழ்கி. 339 அடி நீளம். இரண்டு கொதிகலன்கள், 10,500 குதிரைத்திறன், மேற்பரப்பில் 24 நாட் வேகம். உள்ளே ஐம்பத்தொன்பது பேர். முங்க வேண்டுமானால் முதலில் நெருப்பை அணைக்க வேண்டும். பிறகு புகைபோக்கிகளைப் படுக்கவைத்து அவற்றின் துவாரத்தை மூட வேண்டும். பிறகு கொதிகலன் அறைக்குக் காற்று இழுக்கும் துவாரங்களை ஒவ்வொன்றாக மூட வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை எதிரி பீடி பற்றவைத்துக் காத்திருப்பான் என்பது திட்டம்.

இன்னொரு அழகு. இந்தக் கப்பல் தாங்கக்கூடிய ஆழம் 200 அடி. கப்பலின் நீளமோ 339 அடி. மூக்கைச் செங்குத்தாகக் கவிழ்த்துவிட்டால், வால் வெளியே காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கு நசுங்கும் ஆழத்துக்குப் போய்விடும். இப்படி ஒன்றைக் காகிதத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர், யாருமே அதற்குள் இறங்கப்போகிறவர்கள் இல்லை.

ஒரே ஒரு தடவை பெரிய இடத்துப் பிள்ளை ஒருவர் இறங்கினார். 1916 டிசம்பரில் கே-3 என்ற கப்பல் முங்கிக் காட்டியபோது, இளவரசர் ஆல்பர்ட் உள்ளே இருந்தார். பின்னால் ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரில் நம் ரூபாய் நோட்டில் முகம் காட்டியவர். கப்பல் ஸ்டோக்ஸ் விரிகுடாவில் மூக்கைச் சேற்றில் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டி, விசிறி வெற்றுக்காற்றில் சுழல நின்றது. இருபது நிமிஷம். வருங்காலச் சக்கரவர்த்தி தலைகீழாக நின்றார், திட்டம் நிற்கவில்லை. மேலும் மேலும் கட்டினார்கள்.

அடுத்த மாதம், 1917 ஜனவரி 29. ஸ்காட்லாந்தின் கேர் லாக் நீர்நிலையில் கே-13 சோதனைக்கு முங்கியது. உள்ளே எண்பது பேர். மாலுமிகளோடு கப்பல் கட்டிய கம்பெனியின் ஆட்களும் இருந்தார்கள். காற்றுத் துவாரங்கள் மூடியிருக்கின்றனவா என்று காட்ட ஒரு விளக்கு உண்டு. அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. வயரில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. துவாரங்கள் திறந்தே இருந்தன. பின்பாதியில் இருந்தவர்கள் தண்ணீரில் போனார்கள். முன்பாதியில் இருந்தவர்கள் இரண்டு நாளுக்கு மேல் இருட்டில், கெட்ட காற்றில் கிடந்து, கப்பலின் மூக்கை மேலே தூக்கி ஓட்டை போட்டபின் வெளியே வந்தார்கள். முப்பத்திரண்டு பேர் செத்தார்கள்.

இந்த இடத்தில் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். எங்கே வைப்பார் என்று கடையில் எல்லோருக்கும் இப்போது மனப்பாடம். “அப்பறம் என்ன பண்ணுனாங்கன்னு நெனைக்கிற?”

கப்பலை மேலே எடுத்தார்கள். கழுவினார்கள். பதின்மூன்று ராசியில்லாத எண் அல்லவா, பெயரை மாற்றினார்கள். கே-13 செத்தது, கே-22 பிறந்தது. அதே இரும்பு, அதே துவாரங்கள், அதே கொதிகலன். நம்பர் மட்டும் புதுசு. விசாரணை, வடிவமைப்பு, பொறுப்பு எல்லாவற்றையும்விடப் பெயிண்ட் மலிவு.

மிச்சத்தையும் கேளுங்கள். கே-13-ல் பிழைத்தவர்களை வெளியே இழுத்தது 1917 ஜனவரி 31 இரவு. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1918 ஜனவரி 31 இரவு, ஸ்காட்லாந்துக் கடற்கரையில் மே தீவுக்குப் பக்கத்தில், ஒத்திகைக்குப் போன படையில் ஒன்பது ‘கே’ கப்பல்கள் வரிசையாகப் போயின. இருட்டு. எதிரே சில சிறு படகுகளின் வெளிச்சம். கே-14 விலகப்போய் அதன் சுக்கான் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த ஒரு கப்பல் அதை இடித்தது. இடித்தது எது தெரியுமா? கே-22. பெயர் மாற்றிய நம்ம ஆள்தான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கப்பல்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருந்தன. உதவிக்குத் திரும்பிய கப்பல்கள், எதிரே வந்த தங்கள் கப்பல்களையே இடித்தன. கே-17 மூழ்கியது. கே-4 மூழ்கியது, அத்தனை பேரோடும். தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தவர்களின் மேலேயே, அவர்கள் அங்கே இருப்பது தெரியாமல், சொந்த நாசகாரிக் கப்பல்கள் ஏறிப்போயின. 104 பேர் செத்தார்கள். எதிரி? ஒருவன்கூட அந்தப் பக்கம் இல்லை. இதைத்தான் பின்னால் கிண்டலாக ‘மே தீவுப் போர்’ என்றார்கள். அதிகாரி ஒருவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கோப்பைக் கட்டி உள்ளே வைத்துப் பல பத்தாண்டுகள் பூட்டிவிட்டார்கள். செத்தவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு கல் நட்டது 2002-ல். எண்பத்து நான்கு வருஷம் கழித்து.

பதினெட்டு ‘கே’ கப்பல் கட்டினார்கள். ஆறு விபத்தில் போயின. எதிரி குண்டில் போனது ஒன்றுகூட இல்லை. அதற்கும் புத்தி வரவில்லை. ‘கே’ வகையில் மிச்சமிருந்த திட்டத்தை ‘எம்’ என்று பெயர் மாற்றி, அவற்றில் போர்க்கப்பலின் பன்னிரண்டு அங்குலப் பீரங்கியைச் செருகினார்கள். அவற்றில் ஒன்றில் பிற்பாடு ஆகாய விமானம் வைக்கும் கொட்டகை கட்டினார்கள். அந்த எம்-2, 1932-ல் அறுபது பேரோடு மூழ்கியது. கண்டுபிடித்தபோது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. மறுபடியும் மூடி!

நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் சிரித்து முடித்துவிட்டார் போலிருக்கிறது. “எலியைப் பத்திப் படிச்சியா?” என்றார்.

படித்திருந்தேன். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 1901-ல் தண்ணீரில் இறங்கியது. ஆரம்ப காலக் கப்பல்களெல்லாம் பெட்ரோலில் ஓடின. பெட்ரோல் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஆள் மயங்குவதற்கு முன் எலி மயங்கிவிடும். ஆகவே உள்ளே ஒரு கூண்டில் வெள்ளைச் சுண்டெலிகளை வைத்திருந்தார்கள். எலி சுருண்டால் மேலே வா என்று கணக்கு. அந்தக் காலத்து அட்மிரல்களில் சிலர் நீர்மூழ்கியையே கோழையின் ஆயுதம் என்று நினைத்தார்கள். அதற்குள் போகிறவனை மதித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எலி வைத்தார்கள். கஞ்சத்தனமான, திமிர் பிடித்த, மனிதனை எண்ணெய்க் கணக்கில் எழுதிய ஒரு சாம்ராஜ்யம், எலிக்குத் தீனி போட ஒரு பிடி தானியம் ஒதுக்கியது.

அண்ணன் மூடியைக் காட்டினார். “இதுல எலி எங்க தம்பி?”

டீக்கடையில் யாரும் பேசவில்லை. பாய் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இந்த மூடிக்குள்ளும் மனிதன் முங்குகிறான். மனிதன் மலம் அள்ளக் கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம். அது போதவில்லை என்று 2013-ல் இன்னொரு சட்டம். உரிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவனைச் சாக்கடைக்குள் இறக்கினால், இறக்கியவனுக்கு முதல் தடவை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். திரும்பச் செய்தால் ஐந்து ஆண்டு வரை. விதிகளில் கருவிப் பட்டியல் ரேஷன் கடைப் பட்டியலைவிட நீளம்: சுவாசக் கருவி, வாயு அறியும் கருவி, இடுப்பு வார், கண்ணாடி, கையுறை, கம்பூட்ஸ். சட்டத்தால் உள்ளே போனவர்களையும் குழிக்குள் உள்ளே போனவர்களையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்கள் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த மாநிலப் பட்டியல்களில் முதல் வரிசை தமிழ்நாட்டுக்குத்தான். எல்லாவற்றிலும் முன்னோடி மாநிலம் என்கிறோமே, இதையும் பேனரில் போடலாம்.

உள்ளே என்ன இருக்கிறது? ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்வரை நாறும். அளவு கூடினால் முதலில் மூக்கைக் கொல்லும். நாற்றம் நின்றுபோகும். இறங்கியவன், அப்பாடா, காற்று நல்லாகிவிட்டது என்று நினைக்கும் நேரம் அதுதான். அதன்பிறகு இரண்டு மூன்று மூச்சு. மேலே நிற்கும் தம்பியோ மச்சானோ பார்க்கிறான், உள்ளே போனவன் பேச்சு இல்லை, பதறிக் குதிக்கிறான். அவனைத் தூக்க மூன்றாமவன். செய்தித்தாளில் இந்தச் செய்தி எப்போதும் இரண்டு, மூன்று என்று பன்மையிலேயே வருவது இதனால்தான். மே தீவிலும் உதவிக்குத் திரும்பிய கப்பல்தான் இடித்தது.

கடற்படை எலி வைத்த இடத்தில் நம் ஆட்கள் கரப்பான்பூச்சி வைத்திருக்கிறார்கள். அரசு கொடுத்ததில்லை, சாக்கடை கொடுத்தது. மூடியைத் திறந்ததும் குனிந்து பார்ப்பார்கள். கரப்பான் சுவரில் ஓடினால் இறங்கலாம். மல்லாந்து கிடந்தால் கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம். வாயுமானி வாங்க டெண்டர் விட வேண்டும். கரப்பானுக்கு டெண்டர் கிடையாது. கமிஷன் அடிக்க முடியாத ஒரே பாதுகாப்புக் கருவி.

பெயர் மாற்றும் கலையில் நாம் லண்டனுக்கே பாடம் எடுப்போம். மலம் அள்ளும் வேலையால் நாட்டில் ஒரு சாவுகூடப் பதிவாகவில்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். பொய் இல்லை. செத்தவர்களெல்லாம் ‘அபாயகரமான முறையில் சாக்கடையைச் சுத்தம் செய்தபோது’ செத்தவர்கள். அது வேறு தலைப்பு, வேறு கட்டம். பிணத்தை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு மாற்றினால் முதல் கட்டம் சுத்தம். கே-13 என்று ஒரு கப்பலே இல்லையே, நீங்கள் கேட்பது கே-22 அல்லவா?

2023 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் அடுத்த பெயிண்ட். இனி ‘மேன்ஹோல்’ கிடையாது, ‘மெஷின்ஹோல்’. மனிதன் இறங்கும் துளை, இயந்திரம் இறங்கும் துளையாகிவிடும். வார்த்தை அன்றைக்கே மாறிவிட்டது, இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் சிலர், கேமராவும் வாயு உணரியும் பொருத்தி, சாக்கடைக்குள் இறங்கி அள்ளும் ‘பாண்டிகூட்’ இயந்திரத்தை 2018-லேயே செய்துவிட்டார்கள். பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. எலி இனம்தான், கவனியுங்கள். ஆனால் நம் சந்துக்குள் அது வராது; வந்தாலும் ஓட்ட ஆள் இருக்காது; ஆள் இருந்தாலும் அன்றைக்குப் பழுது. திறப்புவிழாப் படத்தில் மட்டும் பளபளப்பாக நிற்கும், கழுத்தில் மாலையோடு.

இந்த நாட்டுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று எவனாவது சொன்னால் அவன் வாயிலேயே போடுவேன். கல்பாக்கத்தில், நம் தமிழ்நாட்டு மண்ணில், நீர்மூழ்கிக்கான அணு உலையின் முன்மாதிரியை ஓட்டிக் காட்டினோம். அதன் வழியில் வந்த அரிஹந்த் 2009-ல் விசாகப்பட்டினத்தில் தண்ணீர் தொட்டது. அது முங்கினால் ஆட்களுக்கு உள்ளேயே காற்று கிடைக்கும். கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்பவென்றே திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் வானளாவக் கோபுரங்கள் நட்டிருக்கிறோம். மிகத் தாழ்ந்த அலைவரிசை, உப்புத் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு போகும். வங்கக் கடலின் அடியில் இருப்பவனுக்கு அலைவரிசை. பாய் கடை வாசலில் பத்தடிக்குக் கீழே இருப்பவனுக்கு நைலான் கயிறு. சில நாள் கயிறும் இல்லை, “என்னடா, இருக்கியா?” என்ற குரல்.

ஏன் இந்த வித்தியாசம் என்று தெரியாதவர் போல நடிக்க எனக்குத் தெம்பு இல்லை. ‘கே’ கப்பலில் சேற்றில் தலைகுத்தி நின்றவர்களில் அரச குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். இந்த மூடிக்குள் இறங்குகிறவர்களின் சாதிச் சான்றிதழை வரிசையாக அடுக்கினால் இரண்டாவது நிறம் தேட வேண்டியிருக்கும். எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிட வேண்டும் என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், கைபேசியில் ‘சாக்கடை’ என்று பெயர் போட்டு நம்பர் சேமித்து வைத்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் தெரியும். எந்த இடஒதுக்கீட்டையும் எதிர்த்துக் கூச்சல் போடுகிறவர்கள் நூற்றுக்கு நூறு நிறைவேற்றப்படும் இந்த ஒன்றை எதிர்த்து ஒரு நாள்கூடக் கொடி பிடித்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் வருஷத்துக்கு ஒரு தடவை, வைகுண்ட ஏகாதசிக்குத் திறக்கும். அதற்குள் நுழைய லட்சம் பேர் அடித்துக்கொள்கிறார்கள். காவிரிக்கு இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பரமபத வாசல் இருக்கிறது. மழைக்காலத்தில் நாள்தோறும் திறக்கிறார்கள். ஒரு புண்ணியவானும் வரிசையில் நிற்கக் காணோம்.

இதையெல்லாம் படமாக எடுத்து முகத்தில் அடித்தாற்போல் காட்டினார் திவ்யபாரதி, ‘கக்கூஸ்’, 2017. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? குழியை மூடவில்லை, திரையிடலை மூடினார்கள். பல இடங்களில் அனுமதி மறுப்பு. மே தீவுக் கோப்பைப் பூட்டியவர்களின் ஆவி தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் குடியேறியிருக்கிறது.

இன்னொரு பழைய நீர்மூழ்கிக் கதையும் அண்ணன்தான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். ஜப்பான், 1910 ஏப்ரல் 15. ஆறாம் எண் நீர்மூழ்கி. காற்றிழுக்கும் குழாயை மட்டும் வெளியே நீட்டி, பெட்ரோல் எஞ்சினை ஓட்டிக்கொண்டே முங்கும் பரிசோதனை. குழாய்க்குள் தண்ணீர் ஏறியது. அடைக்க வேண்டிய தடுக்கு சரியாக மூடவில்லை. பதினாலு பேரோடு அடியில் போய் உட்கார்ந்தது. தலைவன் சகுமா என்ற இளைஞன். மூச்சுத் திணறிக்கொண்டே, கிடைத்த மங்கல் வெளிச்சத்தில், பாக்கெட் நோட்டில் எழுதினான்: தவறு எப்படி நடந்தது, எந்தத் தடுக்கு எப்படிச் சிக்கியது, இதைக் கண்டு இந்தத் துறையைக் கைவிட்டுவிடாதீர்கள், என் ஆட்களின் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே எடுத்தபோது பெரும்பாலோர் தத்தம் வேலையிடத்திலேயே செத்துக் கிடந்தார்கள்.

அங்கே செத்தவனே அறிக்கை எழுதினான். நம் ஊரில் செத்தவன்மேல் அறிக்கை எழுதுகிறார்கள். அதன் வாசகத்தை யாரும் புதிதாக யோசிப்பதுகூட இல்லை: எச்சரித்தும் கேளாமல், யாரும் சொல்லாமல், மேற்படி நபர் தன்னிச்சையாக உள்ளே இறங்கினார். ஆமாம், காலையில் எழுந்து, பல் துலக்கி, பாதாளச் சாக்கடையைப் பார்க்க ஆசை வந்து இறங்கியிருப்பார். ஊட்டிக்குப் போக வசதி இல்லாதவர்.

பணமும் உண்டு. உச்சநீதிமன்றம் 2014-ல் உயிருக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் முப்பது லட்சம் ஆக்கியது. நீதிமன்றம் நல்ல மனசோடுதான் சொன்னது. அதைக் காண்ட்ராக்டர் படிக்கும் விதமே வேறு: ஒன்பது வருஷத்தில் மூன்று மடங்கு, தங்கத்தோடு போட்டி போடுகிறது என்று கணக்குப் பார்ப்பார். அந்தத் தொகையை வாங்க வீட்டுக்காரி ஏறி இறங்கும் படிகளை எண்ணினால் உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பத்து தடவை போய் வந்திருக்கலாம்.

ஆகவே நானும் அண்ணனும் ஒரு மனு எழுதினோம். டீக்கடை மேசையில், பாய் கொடுத்த கணக்கு நோட்டுத் தாளில்.

‘பெறுநர்: மூடியைத் திறக்கச் சொல்லும் உயர்திரு அதிகாரி அவர்கள். பொருள்: வெள்ளைச் சுண்டெலி வழங்கக் கோருதல், தொடர்பாக. பார்வை: பிரிட்டிஷ் கடற்படை நடைமுறை, 1901 மற்றும் அதைத் தொடர்ந்த ஆண்டுகள்.

ஐயா, வாயுமானி, சுவாசக் கருவி, இயந்திரம் ஆகியவற்றைக் கேட்டுத் தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. அவை வரும்வரை, மூடி ஒன்றுக்கு ஒரு எலி வீதம் வழங்கினால் போதும். எலியின் தீனிச் செலவைப் பொதுமக்கள் ஏற்கிறோம். எலி நிரந்தரப் பணியாளரா, வெளிமுகமைப் பணியாளரா என்ற கேள்வி எழுமானால், வெளிமுகமையிலேயே எடுத்துக்கொள்ளலாம். போனஸ் கேட்காது, சங்கம் வைக்காது.’

இவ்வளவு எழுதியதும் அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். “நிக்காது தம்பி. தள்ளுபடி ஆயிரும்.”

“ஏண்ணே?”

“மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்குல்ல? 1960. விஷவாயு இருக்குன்னு தெரிஞ்சே உசுரோட இருக்கிற எலியக் குழிக்குள்ள எறக்குனா கேஸ். எவனாச்சும் வீடியோ எடுத்துப் போட்டான்னா அன்னைக்குச் சாயங்காலமே ஸ்டேஷன்ல உக்காரணும். அதிகாரி கையெழுத்துப் போட மாட்டாரு. பயப்படுவாரு.”

நான் தாளைப் பார்த்தேன். சரிதான். எலிக்காகக் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. மனுவை மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தேன். டீ பட்டு மை கரைந்தது.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. ராத்திரி பெய்த மழையில் அடைத்துக்கொண்டு, சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர். டாடா ஏஸிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் மேஸ்திரி, இறங்கியதும் பைக் நிழலுக்குப் போய்விட்டார். இன்னொருவர் கையில் கடப்பாரை. மூன்றாவது பையனுக்கு இருபத்திரண்டு இருக்கும். சட்டையைக் கழற்றி மடித்து, கைபேசியை அதன் மேல் வைத்து, பாயிடம் கொடுத்தான். “பாத்துக்கங்க பாய், போன் வந்தா எடுக்க வேணாம், வீட்ல இருந்து வரும்.”

பள்ளத்திலிருந்து மூடி நெம்பிக்கொண்டு வந்தது. ‘டங்’ என்று ஓரமாக விழுந்தது. அண்ணன் எழுந்து போய் விளிம்பில் நின்றார். மேஸ்திரி நிழலிலிருந்து, “பெருசு, தள்ளி நில்லுங்க” என்றார். அண்ணன் தள்ளி நிற்கவில்லை.

“மிஷின் வரலையா தம்பி?”

“வண்டி ரிப்பேருண்ணே.”

“மாஸ்க்கு?”

பையன் சிரித்தான். முட்டி போட்டு, கடப்பாரைக்காரரின் கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தான். இடது பக்கச் சுவர், வலது பக்கச் சுவர். நெடுநேரம் பார்த்தான். கடைக்குள் ஆற்றிக்கொண்டிருந்த பால் நின்றுவிட்டது. பிறகு நிமிர்ந்து, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

“ஓடுதுண்ணே. ரெண்டு ஓடுது.”

இறங்கினான்.